சமயத்தில் சுடாத கைத்துப்பாக்கி!
புது மாடல் வாங்கியவர்கள் பட்ட பாடு - அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கிக்குச் சட்டம் உண்டு, நிஜத் துப்பாக்கிக்கு இல்லை

கைத்துப்பாக்கி எதற்கு? ஆபத்து வந்தால் சுடுவதற்கு.

அந்த ஆபத்து நேரத்தில் அது சுடாமல் நின்றுவிட்டால்? அல்லது, சுடக்கூடாத நேரத்தில் "டமார்" என்று வெடித்துவிட்டால்?

இந்த இரண்டு கோளாறும் உள்ள துப்பாக்கிகள் அமெரிக்காவில் கடைக்கு வந்திருக்கின்றன. நல்ல பெயர் எடுத்த பெரிய கம்பெனிகளே அவற்றைச் செய்து விற்றன.

வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? "ரிப்பேர் செய்து கொடுங்கள்" என்று கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார்கள். காத்திருந்தார்கள். ஒரு துப்பாக்கி விஷயத்தில் இரண்டு வருடம் காத்திருந்தார்கள்.

"இந்தத் துப்பாக்கி ஆபத்தானது. விற்றதை எல்லாம் திரும்ப வாங்கு" என்று அமெரிக்க சர்க்கார் அந்தக் கம்பெனிக்கு உத்தரவு போட்டிருக்கக் கூடாதா?

போடவில்லை. போடவும் முடியாது! அந்த நாட்டுச் சட்டம் அப்படி.

அது என்ன சட்டம்? அந்தத் துப்பாக்கி எது? பார்ப்போம்.

சட்டைக்குள் ஒரு துப்பாக்கி

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது சாதாரண விஷயம். வீட்டில் வைத்திருப்பது மட்டும் அல்ல. இடுப்பில் செருகி, சட்டையால் மூடிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகலாம். சில மாநிலங்களில் அதற்கு லைசென்சு வேண்டும். பல மாநிலங்களில் லைசென்சும் வேண்டாம்.

இதை நெடுநாள் அனுமதிக்காமல் இருந்த மாநிலம் இல்லினாய். சிக்காகோ நகரம் இருப்பது இந்த மாநிலத்தில்தான். 2013-ம் ஆண்டு இல்லினாயும் சட்டம் செய்து அனுமதித்தது. அதோடு அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஏதாவது ஒரு விதத்தில் இதற்கு வழி பிறந்துவிட்டது.

மறைத்து எடுத்துப்போக வேண்டும் என்றால் பெரிய துப்பாக்கி உதவுமா? சட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கனமும் அதிகம். ஆகவே சின்னத் துப்பாக்கிக்குக் கிராக்கி ஏறியது. பெண்களும் வயதானவர்களும்கூட கேட்டு வாங்கினார்கள்.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? "என்னுடையது சிறியது", "என்னுடையது அதைவிடச் சிறியது" என்று போட்டி போட்டன. ஆண்டுக்கு ஒரு புது மாடல் வந்தது. போட்டி வந்தால் அவசரம் வரும். அவசரம் வந்தால் கோளாறும் வரும்.

தாத்தா பெயரில் பேரன்

ரெமிங்டன் என்பது மிகப் பழைய துப்பாக்கிக் கம்பெனி. 1816-ல் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தில் உள்ள இலியன் என்ற சிறிய ஊர்தான் அதன் தாய்வீடு.

முதல் உலகப்போர் முடிகிற காலத்தில் இந்தக் கம்பெனி "மாடல் 51" என்ற கைத்துப்பாக்கியைச் செய்து விற்றது. அதை உருவாக்கியவர் ஜான் பெடர்சன். துப்பாக்கித் தொழிலில் பெரிய மேதை.

அவர் செய்த தந்திரம் இதுதான்:

தோட்டா வெடித்ததும், அதன் பின்பக்கம் இருக்கும் இரும்புக் கதவு கொஞ்சம் பின்னால் வரும். உடனே ஒரு தடுப்பில் மோதி நிற்கும். கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம் அப்படியே தயங்கும். குண்டு குழாயை விட்டு வெளியே போன பிறகுதான் கதவு முழுதும் திறக்கும்.

இந்தத் தயக்கத்தால், துப்பாக்கி கையை உதைப்பது குறைந்தது. துப்பாக்கியையும் மெல்லியதாகச் செய்ய முடிந்தது. ஆனால் ஒன்று. உள்ளே இருக்கும் பாகங்கள் ஒன்றோடு ஒன்று அச்சாகப் பொருந்த வேண்டும். இழைத்துச் செய்ய வேண்டிய வேலை. செலவு பிடிக்கும்.

1920-களிலேயே மாடல் 51 நின்றுபோயிற்று.

ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து, அதே தந்திரத்தை ரெமிங்டன் தூசி தட்டி எடுத்தது. "ஆர் 51" என்று பெயர் வைத்தது. பழைய துப்பாக்கியைவிடப் பலமான 9 மில்லி மீட்டர் தோட்டாவைச் சுடும்படி செய்தது. 7 தோட்டா கொள்ளும். எடை சுமார் 22 அவுன்ஸ். அதாவது ஏறத்தாழ 620 கிராம். விலை 420 டாலர்.

புகழ் மாலை

2014 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் துப்பாக்கி வியாபாரிகளின் பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே ஆர் 51 வைக்கப்பட்டது.

துப்பாக்கிகளைப் பற்றி எழுதும் பத்திரிகைக்காரர்களை முன்னதாகவே கம்பெனி அழைத்தது. கையில் கொடுத்துச் சுடச் சொன்னது. சுட்டார்கள். நன்றாகச் சுட்டது. "உதைப்பே தெரியவில்லை", "விலையும் மலிவு" என்று பாராட்டி எழுதினார்கள்.

அதைப் படித்தவர்கள் கடைக்கு ஓடினார்கள். முன்பணம் கட்டினார்கள்.

ஆனால், பத்திரிகைக்காரர்கள் சுட்டது முன்மாதிரித் துப்பாக்கி. நல்ல வேலைக்காரர்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது. கடைக்கு வந்தது தொழிற்சாலை வரிசையில் அடுக்கடுக்காகச் செய்தது.

முன்மாதிரி வேறு, சரக்கு வேறு. இந்த வித்தியாசம் வாங்கியவர்களுக்குத் தெரியாது.

கடைக்கு வந்தது கோளாறு

2014-ன் தொடக்க மாதங்களில் ஆர் 51 கடைகளுக்கு வந்தது. உடனே புகார்களும் வந்தன.

"இரண்டு குண்டு சுட்டால் மூன்றாவது சிக்கிக்கொள்கிறது" என்றார்கள்.

"மேல் மூடி பின்னால் போகிறது, முன்னால் வர மறுக்கிறது" என்றார்கள்.

"துடைப்பதற்காகக் கழற்றினேன். திரும்ப மாட்ட முடியவில்லை" என்றார்கள்.

"உள்ளே இரும்பு சொரசொரப்பாக இருக்கிறது. அரம் போட்டுத் தேய்க்காமல் விட்டதுபோல் இருக்கிறது" என்றார்கள்.

இவற்றை எல்லாம்விட மோசமான புகார் ஒன்று இருந்தது. கதவு முழுதும் சாத்திக்கொள்ளும் முன்பே தோட்டா வெடிக்கிறது என்பதுதான் அது.

இதில் என்ன ஆபத்து? தோட்டா வெடிக்கும்போது உள்ளே பயங்கரமான அழுத்தம் உண்டாகிறது. கதவு சாத்தியிருந்தால், அந்த வேகம் முழுதும் குண்டை முன்னால் தள்ளும். கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தால், வெடி வேகம் பின்னால் பாயும். பின்னால் இருப்பது யார்? சுடுகிறவர். அவருடைய கை, அவருடைய கண்!

சுட்டு முடித்த காலிக் கூடுகளை எடுத்துப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். சில கூடுகள் அடிப்பக்கம் உப்பிப் போயிருந்தன.

சின்னத் துப்பாக்கிக்கு ஏன் பெரிய தொல்லை?

ஆர் 51 மட்டும் அல்ல, பல சின்னத் துப்பாக்கிகள் தொடக்கத்தில் தொல்லை கொடுத்திருக்கின்றன. காரணம் என்ன?

துப்பாக்கிக்குள் நடக்கும் வேலையைக் கவனியுங்கள்.

குண்டு பாய்ந்ததும் மேல் மூடி பின்னால் ஓடுகிறது. காலிக் கூட்டை இழுத்து வெளியே எறிகிறது. ஸ்பிரிங் அதை மறுபடி முன்னால் தள்ளுகிறது. வரும் வழியில், கீழே உள்ள பெட்டியில் இருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வந்து அறைக்குள் வைக்கிறது. கதவு சாத்துகிறது.

இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

துப்பாக்கி சிறியதானால் மேல் மூடியும் சிறியது. அது ஓடும் தூரமும் குறைவு. ஆனால் தோட்டா மட்டும் சிறியது அல்ல. பெரிய துப்பாக்கியில் போடும் அதே தோட்டாதான்! அந்த வேகத்தைத் தாங்குவதற்காக ஸ்பிரிங்கை விறைப்பாக வைக்கிறார்கள். அடுத்த தோட்டா மேலே ஏறி வருவதற்குக் கிடைக்கும் நேரமும் குறைந்துவிடுகிறது.

பெரிய சமையல் அறையில் நாலு பேர் வேலை செய்யலாம். அதே நாலு பேரையும் ஒரு சின்ன அலமாரிக்குள் நிறுத்தி வேலை செய்யச் சொன்னால்? ஒருவர் கை மற்றவர் மேல் இடிக்கும். அதுதான் கதை.

ஒரு பாகம் மயிரிழை பெரியதாக இருந்தாலும் சிக்கும். எண்ணெய் வற்றினால் சிக்கும். பிடி தளர்ந்தாலும் சிக்கும். பெரிய துப்பாக்கி மன்னிக்கும் தவறுகளைச் சின்னத் துப்பாக்கி மன்னிக்காது.

திருப்பி அனுப்புவது எப்படி?

புது மின்விசிறி சுற்றவில்லை என்றால் என்ன செய்கிறோம்? வாங்கிய கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

துப்பாக்கி அப்படி அல்ல. பெரும்பாலும் கடைக்காரர் "விற்றதோடு என் வேலை முடிந்தது. கம்பெனிக்கு அனுப்பு" என்று சொல்லிவிடுவார்.

அமெரிக்காவில் 1968-ம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. ரிப்பேருக்காகச் சொந்தக்காரரே நேராகக் கம்பெனிக்கு அனுப்பலாம். கம்பெனியும் நேராக அவருக்கே திருப்பி அனுப்பலாம்.

ஆனால் தபாலில் போடக்கூடாது! 1927-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தனி ஆட்கள் கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்பத் தடை போட்டது. ஆர் 51 வாங்கியவர்கள் 2014-ல் அனுப்பும்போது அந்தத் தடை இருந்தது. தனியார் பார்சல் கம்பெனிகள்தான் கதி. அவை கைத்துப்பாக்கியை விமானத்தில், மறுநாளே போய்ச்சேரும்படி அனுப்பச் சொன்னன. கட்டணமோ அதிகம்.

அந்தக் கட்டணத்தைக் கம்பெனி கொடுத்தால் தப்பித்தோம். கொடுக்காவிட்டால், கெட்ட சரக்கு வாங்கியவர் தலையில் இன்னொரு செலவு.

கியாரண்டி என்பது என்ன? "இத்தனை காலத்துக்குள் கெட்டுப்போனால் சரிசெய்து தருகிறேன்" என்று கம்பெனி எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி. 1975-ல் அமெரிக்கா கியாரண்டிச் சட்டம் ஒன்று செய்தது. "கியாரண்டி கொடுத்தே தீரவேண்டும்" என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. "எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் புரியும்படி எழுது" என்றுதான் சொல்கிறது.

அதாவது, வாக்குறுதி கொடுப்பதும் கம்பெனி இஷ்டம். எவ்வளவு கொடுப்பது என்பதும் கம்பெனி இஷ்டம்.

கம்பெனி ஒப்புக்கொண்டது

புகார்கள் மலைபோல் குவிந்தன. ரெமிங்டன் ஆர் 51 விற்பனையை நிறுத்தியது.

2014 நடுவில் கம்பெனி ஓர் அறிக்கை விட்டது. "முன்மாதிரி நன்றாக இருந்தது. அதைப் பெருவாரியாகச் செய்யும்போது சிக்கல் வந்துவிட்டது" என்ற பொருளில் அது ஒப்புக்கொண்டது.

"பழைய துப்பாக்கியைத் திருப்பிக் கொடுங்கள். புதிய ஆர் 51 தருகிறோம். கூடவே இரண்டு தோட்டாப் பெட்டிகளும், துப்பாக்கி வைக்க ஒரு நல்ல பெட்டியும் இலவசம்" என்றது.

எப்போது வரும்? "2014 அக்டோபரில் மறுபடி உற்பத்தி" என்றார்கள்.

அக்டோபர் வந்தது. துப்பாக்கி வரவில்லை.

2015 வந்தது. துப்பாக்கி வரவில்லை.

2016-ல்தான் வந்தது!

இதற்கு இடையில் தொழிற்சாலையே இடம் மாறிவிட்டது. முதலில் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் பக்கம் செய்தார்கள். பிறகு அலபாமா மாநிலத்தில் ஹண்ட்ஸ்வில் நகரில் ஒரு பெரிய கட்டடத்தை எடுத்து, அங்கே கொண்டுபோனார்கள்.

இரண்டாவது தடவை வந்தது முதல் துப்பாக்கியைவிட நன்றாக இருந்தது. ஆனால் என்ன பயன்? "ஆர் 51 என்றால் கோளாறு" என்று பெயர் பரவிவிட்டது. கெட்ட பெயர் எடுக்க ஒரு மாதம் போதும். அதைத் துடைக்க இரண்டு ஆண்டும் போதவில்லை.

மற்றக் கம்பெனிகள் எப்படி?

ரெமிங்டன் மட்டும்தானா குற்றவாளி? இல்லை.

ரூகர் என்ற கம்பெனி 2008-ல் "எல்.சி.பி." என்ற மிகச்சிறிய துப்பாக்கியை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஒரு பகுதியைத் திரும்ப அழைத்தது. கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடும் என்பது கோளாறு.

ஸ்பிரிங்பீல்டு கம்பெனியின் "எக்ஸ்டி-எஸ்" 2012-ல் வந்தது. 2013 ஆகஸ்டில், "உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள், திருப்பி அனுப்புங்கள்" என்று கம்பெனி அறிவித்தது. தோட்டா ஏற்றும்போதே வெடிக்கக்கூடும் என்றது.

அதே மாதம் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியும் "ஷீல்டு" என்ற தன் சின்னத் துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்கும்படி வாங்கியவர்களுக்குச் சொன்னது. கீழே விழுந்தால் காப்பாற்றும் பாகத்தில் சந்தேகம்.

2018-ல் சிக் சாவர் கம்பெனி "பி 365" என்ற துப்பாக்கியை வெளியிட்டது. நீளம் ஆறு அங்குலம்கூட இல்லை. ஆனால் பெட்டியில் 10 தோட்டா கொள்ளும்! ஜனங்கள் மொய்த்தார்கள். முதல் மாதங்களில் வாங்கிய சிலர், தோட்டாவைக் குத்தி வெடிக்கச் செய்யும் ஊசி உடைந்துவிட்டது என்றார்கள். கம்பெனி ரிப்பேர் செய்து கொடுத்தது. பாகங்களையும் மாற்றியது. பி 365 அமெரிக்காவில் அதிகம் விற்கும் துப்பாக்கிகளில் ஒன்றாகிவிட்டது.

ஆகவே, கோளாறு வருவது பெரிது அல்ல. வந்தவுடன் என்ன செய்கிறார்கள் என்பதுதான் பெரிது. சீக்கிரம் சரிசெய்தவன் பிழைத்தான். இழுத்தடித்தவன் கெட்டான்.

ஆனால் இந்தக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொது அம்சம் உண்டு. திரும்ப அழைத்தது யார்? சர்க்கார் அல்ல. கம்பெனியே மனம் வைத்து அழைத்தது. மனம் வைக்காவிட்டால்?

பொம்மைக்குச் சட்டம் உண்டு

1972-ல் அமெரிக்கா ஒரு நல்ல காரியம் செய்தது. ஜனங்கள் வாங்கும் பொருள்களில் ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க ஒரு கமிஷனை அமைத்தது. தொட்டில், சைக்கிள், ரொட்டி சுடும் மின்சார அடுப்பு, குழந்தைகளின் பொம்மை எல்லாம் அதன் கண்காணிப்பில் வரும். ஆபத்தான பொருளைத் திரும்ப வாங்கும்படி கமிஷன் உத்தரவு போடலாம்.

பொம்மைத் துப்பாக்கியும் இதில் அடக்கம்.

நிஜத் துப்பாக்கி? அது இல்லை! சட்டத்தில் இருந்தே துப்பாக்கியையும் தோட்டாவையும் நீக்கிவிட்டார்கள்.

குழந்தை விளையாடும் பொம்மைத் துப்பாக்கியில் கோளாறு இருந்தால் சர்க்கார் தலையிடலாம். அப்பா இடுப்பில் இருக்கும் நிஜத் துப்பாக்கியில் கோளாறு இருந்தால் தலையிட முடியாது.

ஏன் இப்படி?

துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயம். "இன்றைக்குக் கோளாறு என்று சொல்லித் திரும்ப வாங்குவார்கள். நாளைக்கு எல்லாத் துப்பாக்கியும் ஆபத்தே என்று சொல்லித் தடைபோட்டுவிடுவார்கள்" என்று நினைத்தார்கள். அவர்களுக்கு ஆதரவான சட்டசபைக்காரர்கள் விலக்கு வாங்கிவிட்டார்கள்.

அந்தப் பயம் வெறும் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. 1974-ல் ஒரு சங்கம் அந்தக் கமிஷனிடம், "கைத்துப்பாக்கித் தோட்டாக்களைத் தடை செய்யுங்கள்" என்று மனுக் கொடுத்தது. விஷயம் கோர்ட்டு வரை போயிற்று. 1976-ல் அமெரிக்கப் பார்லிமெண்டு குறுக்கிட்டு, தோட்டா விஷயத்திலும் கமிஷனின் கையைக் கட்டிப்போட்டது.

அமெரிக்க சர்க்காருக்குத் துப்பாக்கி இலாகா ஒன்று தனியே இருக்கிறது. அது கம்பெனிக்கு லைசென்சு கொடுக்கும். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும். எந்தத் துப்பாக்கி யார் கைக்குப் போயிற்று என்று துப்புத் துலக்கும். உள்நாட்டுத் துப்பாக்கி ஒழுங்காகச் சுடுகிறதா என்று பார்ப்பது அதன் வேலை அல்ல.

கோர்ட்டுக்குப் போகலாம்

வாங்கியவருக்கு வேறு வழியே இல்லையா? இருக்கிறது. கோர்ட்டு.

டாரஸ் என்ற பிரேசில் நாட்டுக் கம்பெனியின் துப்பாக்கிகள் கீழே விழுந்தால் வெடிக்கின்றன என்று அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தார்கள். வழக்குப் போட்டவர் ஒரு போலீஸ் அதிகாரி. 2015-ல் ராஜி ஏற்பட்டது. 9 மாடல்கள், 9 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் அந்த ராஜிக்குள் வந்தன. குற்றத்தைக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இலவசமாகச் சோதித்து, சரிசெய்து தரச் சம்மதித்தது.

நல்ல முடிவுதான். ஆனால் கோர்ட்டுக்குப் போக வக்கீல் வேண்டும். பணம் வேண்டும். வருடக்கணக்கில் காத்திருக்கப் பொறுமை வேண்டும். அதுவரை அந்த 9 லட்சம் துப்பாக்கிகள் எங்கே இருந்தன? ஜனங்களின் வீட்டில், காரில், கைப்பையில்!

சொல்லிலும் சாமர்த்தியம்

கம்பெனிகள் "திரும்ப அழைக்கிறோம்" என்ற சொல்லைச் சொல்லக் கூசுகின்றன.

2017-ல் சிக் சாவர் கம்பெனியின் "பி 320" துப்பாக்கி, குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று சிலர் படம் பிடித்துக் காட்டினார்கள். கம்பெனி ஆகஸ்டில் ஓர் ஏற்பாடு செய்தது. விசையின் பாகங்களை இலவசமாக மாற்றித் தந்தது. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "விருப்பப்பட்டால் செய்துகொள்ளும் முன்னேற்றம்."

ஆபத்து என்ற சொல்லைக் கேட்டால் துப்பாக்கிக்காரர் உடனே அனுப்புவார். "முன்னேற்றம்" என்றால், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பெட்டியில் வைத்துவிடுவார். ஒரு சொல்லால் இவ்வளவு வித்தியாசம்.

600 குண்டு சோதனை

சில மாநிலங்கள் தாங்களாகவே சட்டம் செய்தன. அவற்றில் கலிபோர்னியா முக்கியமானது.

1999-ல் அங்கே சட்டம் வந்தது. ஒரு புது மாடல் விற்க வேண்டுமானால் 3 துப்பாக்கிகளைச் சோதனைச்சாலைக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 600 குண்டு சுடுவார்கள். முதல் 20 குண்டு தடங்கல் இல்லாமல் போக வேண்டும். மொத்தத்தில் 6 தடவைக்கு மேல் கோளாறு வரக்கூடாது. சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்ப்பார்கள். வெடித்தால் தள்ளுபடி.

இந்தப் பட்டியலில் பிற்பாடு வேறு நிபந்தனைகளும் சேர்ந்தன. 2013 முதல், காலிக் கூட்டில் துப்பாக்கியின் அடையாளம் பதிய வேண்டும் என்றார்கள். புது மாடல்கள் வருவதே பல ஆண்டுகள் நின்றுபோயிற்று. "பார்த்தீர்களா, பாதுகாப்பு என்று சொல்லித் தடைபோட்டார்கள்" என்று துப்பாக்கிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

சோதனை நல்லதுதான். ஆனால் ஆர் 51 கற்றுக்கொடுக்கும் பாடம் வேறு. அதன் முன்மாதிரி நன்றாகவே சுட்டது! கோளாறு வந்தது பெருவாரி உற்பத்தியில். மூன்று துப்பாக்கியைச் சோதித்தால், நாலாவது எப்படி இருக்கும் என்பது தெரியாது.

ஆகவே முன்னால் சோதிப்பது மட்டும் போதாது. விற்ற பிறகு கோளாறு தெரிந்தால், திரும்ப வாங்கச் சொல்ல ஒருவருக்கு அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம்தான் அங்கே இல்லை.

ராணுவத்துக்கு ஒரு நீதி

ராணுவம் துப்பாக்கி வாங்கும் விதத்தைப் பாருங்கள்.

1911 மார்ச் மாதம். அமெரிக்க ராணுவம் ஒரு புதிய கைத்துப்பாக்கியைச் சோதித்தது. அதை உருவாக்கியவர் பிரபல ஜான் பிரௌனிங். 6,000 குண்டு சுட்டார்கள். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. அதன் பிறகுதான் ராணுவம் வாங்கியது. அந்தத் துப்பாக்கி 70 ஆண்டுக்கு மேல் ராணுவத்தில் இருந்தது.

ராணுவம் பெரிய வாடிக்கைக்காரன். "நன்றாக இல்லை" என்றால் கம்பெனி நடுங்கும்.

தனி ஆள் என்ன செய்வார்? "புதிதாக வாங்கினால் குறைந்தது 200 குண்டாவது சுட்டுப் பார். அதுவரை அதை நம்பி வெளியே போகாதே" என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் அந்த 200 குண்டுக்குப் பணம் கொடுப்பது யார்? வாங்கியவர்.

சோதிக்க வேண்டியது கம்பெனி. செலவழித்துச் சோதிப்பது வாடிக்கைக்காரர்!

கம்பெனியே போய்விட்டால்?

இனி ஒரே ஒரு கேள்வி. கியாரண்டி கொடுத்த கம்பெனியே மூழ்கிவிட்டால்?

ரெமிங்டனுக்கு அதுவும் நடந்தது. 2018 மார்ச்சில் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. மீண்டு வந்தது. 2020 ஜூலையில் மறுபடியும் கொடுத்தது. இந்தத் தடவை கோர்ட்டு கம்பெனியைப் பகுதி பகுதியாகப் பிரித்து விற்றது. பல பேர் பங்கு பங்காக வாங்கினார்கள்.

ஆர் 51 ஒன்றினால் ரெமிங்டன் விழவில்லை. கடன் சுமைதான் பெரிய காரணம். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. இப்படிக் கோர்ட்டு மூலம் வாங்குகிறவர், பெயரை வாங்குவார். இயந்திரங்களை வாங்குவார். பழைய கம்பெனியின் கடனையும் வாக்குறுதியையும் சுமக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக அவருக்கு இல்லை.

பெட்டியில் ஆர் 51 இருக்கிறது. அதன்மேல் ரெமிங்டன் என்ற பெயரும் இருக்கிறது. "சரிசெய்து தருகிறேன்" என்று சொன்ன கம்பெனிதான் இல்லை.

யாருக்கு நஷ்டம்?

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்பது அமெரிக்காவில் தீராத சண்டை. ஒரு கட்சி, "துப்பாக்கியே கூடாது" என்கிறது. இன்னொரு கட்சி, "துப்பாக்கியின் பக்கம் சர்க்கார் வரவே கூடாது" என்கிறது.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் யார்? 420 டாலர் கொடுத்துத் துப்பாக்கி வாங்கியவர்.

அவர் துப்பாக்கிக்கு விரோதி அல்ல. துப்பாக்கியை நம்பி உயிரையே ஒப்படைத்தவர். அவரைக் காப்பாற்ற ஒரு சட்டம் வந்தால், அது துப்பாக்கிக்கு எதிரான சட்டம் ஆகாது. கெட்ட துப்பாக்கிக்கு எதிரான சட்டம்தான் ஆகும். ஆனால் 1972-ல் தொடங்கிய சந்தேகம் 50 ஆண்டு கடந்தும் தீரவில்லை.

மின்விசிறி சுற்றாவிட்டால் வியர்க்கும். அவ்வளவுதான். கைத்துப்பாக்கியின் கோளாறு உயிர் போகும் கோளாறு. மின்விசிறிக்குக் கண்காணிப்பு உண்டு. கைத்துப்பாக்கிக்கு இல்லை.

கியாரண்டிச் சீட்டு துப்பாக்கியைச் சரிசெய்து தரலாம். போன கண்ணையும், போன உயிரையும் சரிசெய்து தர எந்தக் கம்பெனியாலும் முடியாது.